சிறுபொட்டும் பெரும்பொட்டும்

தென்காசிப் பக்கத்தில் ‘பிரைமர்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. பெயின்ட் அடிப்பவரைக் கேட்டால், வண்ணம் பூசுவதற்கு முன் சுவருக்குக் கொடுக்கும் முதற்பூச்சு என்பார். பழைய தலைமுறைப் பள்ளி ஆசிரியரைக் கேட்டால், ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளையின் கையில் தரப்படும் முதற்புத்தகம் என்பார். இவ்விரண்டையும் தவிர மூன்றாவது பொருள் ஒன்றும் அச்சொல்லுக்கு உண்டு. தோட்டாவின் அடிப்புறத்தில், நட்டநடுவே, நெற்றிப் பொட்டுப் போல் பதிந்திருக்கும் சிறிய உலோக வட்டுக்கும் பிரைமர் என்றே பெயர். அதுவும் ஒரு முதல்தான்; முதல் தீ. இக்கட்டுரை அந்த மூன்றாவது பொருளைப் பற்றியது.

இலக்கியம் பேசும் இடத்தில் தோட்டாவுக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. தமிழின் முதற்சிறுகதை என்று பலரும் சுட்டும் ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதிய வ.வே.சு. ஐயரே துப்பாக்கி சுடவும் கற்றுக்கொடுத்தவர் என்பதை இப்போதைக்கு நினைவூட்டி வைக்கிறோம். அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்து, வெவ்வேறு இடங்களில் பிழைக்கும் நாங்கள் ஆறு பேர், சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடுவது வழக்கம். பேச்சு பெரும்பாலும் படித்த புத்தகங்களைப் பற்றி இருக்கும். சென்ற முறை எங்களோடு இலஞ்சிக்கார நண்பர் ஒருவரும் இருந்தார். இருபது ஆண்டுகளாக அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிப்பவர். வார இறுதிகளில் துப்பாக்கி சுடும் களத்துக்குப் போய்க் காகித இலக்குகளைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்வாராம். அந்நாட்டில் அது சட்டத்துக்கு உட்பட்ட, பலர் செய்கிற கைவேலை. இங்கே நிலைமை வேறு. நமது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் உறுப்புகளையும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும்கூட வெடிபொருள் என்னும் வரையறைக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. ஆகவே காட்டுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. எங்களில் ஒருவரான தமிழாசிரியையின் கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கி, அதில் இரண்டு அளவுகளைக் காட்டித்தான் எங்களுக்கு விளக்கினார். சிறுபொட்டு, பெரும்பொட்டு என்று அவற்றுக்கு அப்போதே பெயரிட்டவர் டீச்சர். அப்பெயர்களையே இங்கும் கையாள்கிறோம்.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள். வெளியே தெரிவது பித்தளைக் கூடு. அதன் வாயில் செருகியிருப்பது குண்டு. உள்ளே இருப்பது மருந்து. வெடிக்கும் மருந்துக்கும் தீர்க்கும் மருந்துக்கும் நம் மக்கள் ஒரே சொல்லை வைத்திருப்பது தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. நான்காவது உறுப்பு அடியில் உள்ள பொட்டு. துப்பாக்கியின் ஊசி பொட்டின் முதுகில் குத்துகிறது. பொட்டுக்குள் இருக்கும், அடிபட்டால் பற்றும் பசை, ஊசிக்கும் உட்புறம் உள்ள அடைகல் போன்ற தகட்டுக்கும் நடுவே நசுங்கித் தீப்பற்றுகிறது. தீ ஒரு நுண்துளை வழியே கூட்டுக்குள் பாய்ந்து மருந்தைக் கொளுத்துகிறது. மருந்து வாயுவாகி விரிந்து குண்டைத் தள்ளுகிறது. தீபாவளிக்குப் பொட்டுவெடி வெடித்த எவருக்கும் இதன் முதற்படி புதிதன்று. சிவகாசிக் காகிதத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் செம்பொட்டும் அடிபட்டுத் தீப்பிடிக்கும் பொருள்தான். வேதிப்பொருள் வேறு, தத்துவம் ஒன்று.

இந்தத் தத்துவத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் போர்வீரர் அல்லர், பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சித்துக்குப் பறவை வேட்டையில் ஆசை. அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளிக்கிண்ணத்து மருந்து முதலில் பளிச்சிட்டு, ஒரு கணம் கழித்தே உள்மருந்து வெடிக்கும். அந்த ஒரு கணத்தில் பறவை வெளிச்சத்தைக் கண்டு தப்பிவிடும். அடித்தால் பற்றும் மருந்தைக் கொண்டு அந்தத் தாமதத்தை ஒழித்த அவர், 1807-இல் காப்புரிமை பெற்றார். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் பறவை பிடிக்கிறவன்தான். ஆனால் அவனிடம் இருந்தது கண்ணி. பறவைக்கு ஒரு கணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதில் கண்ணியும் துப்பாக்கியும் வெவ்வேறு உலகங்கள்.

ஃபோர்சித்துக்குப் பின் செம்புத் தொப்பி வந்தது. வாய்வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் ‘கேப்பு’ என்று சொல்வது அதைத்தான். கேப்பு தோட்டாவின் அடியிலேயே குடியேறிய வரலாற்றில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை: இங்கிலாந்துப் படை அதிகாரி எட்வர்ட் பாக்சர், அமெரிக்கரான ஹைரம் பெர்டான். இருவரும் 1860-களில் ஒரே சிக்கலுக்கு இரு தீர்வுகள் கண்டனர். பாக்சரின் முறையில் அடைகல் பொட்டுக்குள்ளேயே இருக்கும். கூட்டின் நடுவில் ஒரே துளை. பெர்டானின் முறையில் அடைகல் கூட்டின் பகுதி. பக்கத்துக்கு ஒன்றாகத் துளைகள். நடுத்துளை இருந்தால் உள்ளிருந்து ஒரு கம்பியால் பழைய பொட்டை எளிதில் தள்ளிவிடலாம். ஆகவே வீட்டில் நிரப்புகிறவர்கள் விரும்புவது பாக்சர் முறையை. ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவிலும் வேரூன்றின என்பது வரலாற்றின் குறும்பு.

இனி அளவுக்கு வருவோம். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் சிறுபொட்டின் விட்டம் ஏறக்குறைய 4.45 மில்லிமீட்டர்; பெரும்பொட்டின் விட்டம் 5.33 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 9 மி.மீ., .38 ஸ்பெஷல், நம் நாட்டில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் .32 ரிவால்வர் ஆகியவற்றின் தோட்டாக்கள் சிறுபொட்டு இனம். .44 மேக்னம், .45 கோல்ட் ஆகியவை பெரும்பொட்டு இனம். இதைக் கேட்டதும் எங்களில் மூத்தவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். குற்றாலத்தில் சிற்றருவியும் உண்டு, பேரருவியும் உண்டு. பேரருவியில் நின்றால் முதுகில் அடி பலமாக விழும். இதுவும் அப்படித்தானே என்றார். நண்பர் சிரித்தார்.

“அண்ணாச்சி, பெரிய பொட்டு போட்டா குண்டு வேகமாப் போகும்னு நெனைக்காதிய. பொட்டுக்கு வேல மருந்தப் பத்த வைக்கது மட்டுந்தான். தள்ளுறது மருந்து.”

அவர் காட்டிய சான்றுகள் சுவையானவை. .357 மேக்னம் 1935-இல் வெளிவந்தபோது அதற்குப் பெரும்பொட்டு; பின்னர் அதுவே சிறுபொட்டுக்கு மாறிற்று. அதனால் அதன் வலிமை குன்றிவிடவில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் மிக முரட்டு இனங்களுள் ஒன்றான .454 கேசல் கொள்வது சிறிய அளவுப் பொட்டையே. அதுவும் நீள்துப்பாக்கிக்கு உரிய, தகடு தடித்த சிறுபொட்டு. குழி சிறிதாக இருந்தால் கூட்டின் அடியில் பித்தளை மிகுதியாக எஞ்சும்; பேரழுத்தத்தை அது தாங்கும். இங்கே சிறுமையே வலிமைக்குக் காரணமாகிறது.

அப்படியானால் பெரும்பொட்டு எதற்கு? கூடு அகன்று, உள்ளே மெதுவாய் எரியும் மருந்து நிறைந்திருந்தால், சிறு தீ அதைச் சீராகப் பற்ற வைக்காமல் போகலாம். கடுங்குளிரில் அந்த ஐயம் கூடும். .44 மேக்னம் போன்றவற்றில் பெரும்பொட்டுக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் .45 ஏ.சி.பி. என்னும் தோட்டாவில் அந்த நியாயமும் வலுவாக இல்லை. அதன் கூடு குட்டையானது; மருந்து சிறிதளவு. ஆயினும் அதற்குப் பெரும்பொட்டு வாய்த்தது. அகன்ற கூட்டுக்கு அகன்ற குழி என்பது அது பிறந்த காலத்தின் வழக்கம். நூறாண்டுகளாக இயந்திரங்களும் அச்சுகளும் கோடிக்கணக்கான வெற்றுக் கூடுகளும் அந்தக் குழிக்கே பழகிவிட்டன. பிற்காலத்தில் ஈயம் கலவாத பொட்டுகளைப் புகுத்தியபோது, சில தொழிற்சாலைகள் இதே தோட்டாவைச் சிறுபொட்டோடு செய்யத் தொடங்கின. பெரும்பாலான மருந்துகளோடு அதுவும் குறையின்றிச் சுடுகிறது. பொட்டு மாறினால் உள்ளழுத்தமும் சற்று மாறும் என்பதால், கவனமுள்ளவர்கள் அச்சிட்ட அளவுப் பட்டியலின் கீழ்ப்படியிலிருந்து மறுபடி தொடங்குவார்களாம், அவ்வளவே.

இதனால் வந்தது ஒரு புதுச் சிக்கல். களத்தில் பொறுக்கிய .45 கூடுகளில் இரண்டு குழிகளும் கலந்து கிடக்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கவிழ்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு, நம் நூலகங்களில் பழைய ‘லை’யும் புதிய ‘லை’யும் ஒரே அலமாரியில் கலந்து நின்றதை நினைத்துக்கொண்டோம். அங்கே கலப்பினால் கண் ஒரு கணம் தடுமாறும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இங்கே, கைப்பிடியை இழுத்தால் வரிசையாக நிரப்பிக்கொண்டே போகும் இயந்திரத்தில் சிறுகுழிக் கூடு ஒன்று அறியாமல் நுழைந்தால், பெரும்பொட்டு அதன்மேல் நசுங்கும். நசுங்கினால் பற்றுவதே அதன் பிறவிக் குணம். குழாயில் அடுக்கி நிற்கும் மற்றப் பொட்டுகளுக்கும் தீ தாவிவிட்டால் கண்ணும் விரலும் போகும். அதனால் கண்ணாடி அணியாமல் அந்த இயந்திரத்தின் அருகே போகக்கூடாது என்பது அவர்களுடைய முதல் விதி. பொட்டு இறங்கும்போது கையில் வழக்கத்துக்கு மாறான தடை தெரிந்தால் அழுத்தாதே, நிறுத்து என்பது இரண்டாவது.

2020-க்குப் பின் ஓரிரு ஆண்டுகள் அமெரிக்கக் கடைகளில் பொட்டுகளே கிடைக்காத தட்டுப்பாடு வந்தது. கூடு இருந்தது, மருந்து இருந்தது, குண்டு இருந்தது, பொட்டு இல்லை. மற்ற மூன்றில் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். குண்டின் ஈயத்தைக்கூட மண்மேட்டிலிருந்து பொறுக்கி உருக்கி வார்க்கலாம். பொட்டுக்கு மட்டும் மறுவாழ்வு இல்லை. அது ஒருமுறைதான். ‘மீண்டும் நிரப்புதல்’ என்று பெயர் பெற்ற இந்தக் கைவேலையின் நடுவே, மீட்கவே முடியாத ஒன்று இருக்கிறது என்று நண்பர் சொன்னபோது, அவருடைய ஈடுபாடு எங்களையும் தொற்றிக்கொண்டிருந்தது. நுட்பமான எதையும் விளக்குகிறவர் வாயிலாகக் கேட்பது ஓர் இன்பம். நாங்கள் அந்த இன்பத்தில் இருந்தோம்.

அப்போது டீச்சர் கேட்டார்: “இவ்வளவு நேரம் பொட்டப் பத்திப் பேசியாச்சு. எதுத்தாப்புல நிக்கவனப் பத்தி ஒருத்தரும் பேசலியே?”

“எனக்கு எதுத்தாப்புல காகிதந்தான் டீச்சர்” என்றார் நண்பர்.

“பழகும்போது எல்லாருக்கும் காகிதந்தான் தம்பி.”

அதன்பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை. வாஞ்சியின் பெயரை யாரும் எடுக்கவில்லை; ஆனால் அனைவருடைய நினைவிலும் அவர்தான் இருந்தார் என்பது பிறகு பேசியபோது தெரிந்தது. செங்கோட்டை குற்றாலத்துக்குக் கூப்பிடு தொலைவு. அங்கே அவருக்கு மணிமண்டபம் உண்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்டே வளர்கிறோம்.

1911-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அமெரிக்கப் படை, ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை அதன் பெரும்பொட்டுத் தோட்டாவோடு ஏற்றுக்கொண்டது. நண்பர் நிரப்புவது அந்தத் தோட்டாவைத்தான். மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 17-ஆம் நாள், மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயில் பெட்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பிரவுனிங் பெயர் தாங்கிய தானியங்கிக் கைத்துப்பாக்கி. அப்பெயரில் அவற்றைச் செய்துவந்தது பெல்ஜியம் நாட்டின் எஃப்.என். தொழிற்சாலை. அக்காலத்தில் அத்தொழிற்சாலையிலிருந்து பரவலாக விற்ற சட்டைப்பை அளவு மாதிரிகளுக்கு உரிய 6.35 மி.மீ., 7.65 மி.மீ. தோட்டாக்கள் இன்று செய்யப்படுவது சிறுபொட்டோடு. வாஞ்சி செங்கோட்டைக்காரர், செங்கோட்டை அன்று திருவிதாங்கூரில் இருந்தது. புனலூரில் வனத்துறை வேலை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நடப்பிலிருந்த பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியன் ஒருவன் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பிரெஞ்சுப் புதுச்சேரியில் அந்தச் சட்டம் செல்லாது. அங்கேதான் வ.வே.சு. ஐயர் அவருக்குச் சுடப் பயிற்சி அளித்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆஷைச் சுட்டபின், அதே துப்பாக்கியால் அதே ரயில் நிலையத்தில் வாஞ்சி தம்மையும் சுட்டுக்கொண்டார். ஆஷின் எதிரே அவர் மனைவி அமர்ந்திருந்தார். பின்னர் நடந்த வழக்கில் 14 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுச் சிறை. அச்செயலின் நோக்கம் பற்றிய விவாதம் இன்றளவும் ஓயவில்லை. அதைத் தீர்த்துவைப்பது நம் வேலையன்று.

நாம் எண்ணிப் பார்ப்பது வேறொன்றை. மணியாச்சியில் பற்றிய தீயின் அகலம் சில மில்லிமீட்டர். அந்த அளவைக் கொண்டு அதன் விளைவை எவராலும் கணித்திருக்க முடியாது. பெரிதா சிறிதா என்னும் கேள்வி, துப்பாக்கி நுட்பத்தில் ‘இந்தக் கூட்டுக்கு இது பொருந்துமா, இந்த மருந்துக்கு இது போதுமா’ என்னும் கேள்வியாகக் கரைந்துவிடுகிறது. அதற்கு விடை உண்டு; அச்சிட்ட பட்டியலே உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் எதிரே நிற்பவனுக்குப் பத்தி இல்லை. நுட்பம் தன் கேள்விகளுக்கு முழுமையாக விடை சொல்லிவிடுவதனாலேயே, கேட்கப்படாத கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது என்பது நமக்கு மறந்துபோகிறது. டீச்சர் செய்தது அதை நினைவூட்டியது மட்டுமே. வாஞ்சியைப் போற்றி வளர்ந்த எங்களுக்கும், காகிதத்தைச் சுடும் நண்பருக்கும் அது ஒரே அளவில் தைத்தது.

வ.வே.சு. ஐயரின் முடிவு இந்த இடத்தில் நெஞ்சில் வந்து நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து திரும்பி, பின்னர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய அவர், 1925-இல் பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்தத்து நீரில் விழுந்துவிட்ட தம் மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் உயிர்நீத்தார். குற்றாலத்தின் அருவிகள் இறங்கும் இதே மலைத்தொடரில்தான் அந்த இடமும் இருக்கிறது. சுடக் கற்பித்த கை கடைசியாக நீண்டது ஓர் உயிரைப் பிடித்து நிறுத்த. இதில் நீதி தேடுவது நம் நோக்கமன்று. ஒரே மனிதனில் இரண்டும் இருந்தன என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

நண்பர் டெக்சஸ் திரும்பிய பின் எழுதிய மடலில், தம்மிடம் இருந்த .45 கூடுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து இரண்டு வாளிகளில் பிரித்துவிட்டதாகவும், சிறுபொட்டுக் கூடுகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் தெரிவித்திருந்தார். நிரப்புவதை விடவில்லை. டீச்சரின் கேள்விக்கு இன்னும் விடை எழுத வரவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. டீச்சரும் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. அடுத்த சாரலுக்கு இருவரும் வருகிறார்கள்.

எஞ்சியிருப்பது சொல். பிரைமரை ‘எரியூட்டி’ என்று எழுதலாம் என்றார் எங்களில் ஒருவர். ‘கேப்பு’ இருக்கும்போது வேறெதற்கு என்றார் இன்னொருவர். எங்களுக்கு என்னவோ ‘பொட்டு’ பிடித்துவிட்டது. நெற்றியின் நடுவில் இருப்பதற்கும், சிவகாசிக் காகிதத்தில் ஒட்டியிருப்பதற்கும், தோட்டாவின் அடியில் பதிந்திருப்பதற்கும் ஒரே சொல் போதும் என்றால், அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு முகமும் கூடவே நினைவுக்கு வரும். அப்படி வருவது நல்லது என்றே நினைக்கிறோம்.